சாட்சி சொன்னபடியே

வண்ணார்பேட்டையில் பேருந்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன டிடிபி கடை இருக்கிறது. ஓய்வு பெற்றபின் வாரத்தில் நான்கு நாள் அங்கே போய் உட்கார்ந்து பிழை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கொடை விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எப்போதாவது ஒரு புத்தகம். கடை ஸ்டெல்லாவுடையது. கடற்கரை ஊர்க்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் வள்ளத்தில் போகிறவர்கள். இவள் மட்டும் கரையேறி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் குறைவு. அவள் அதில் ஒருத்தி. இதை அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

போன மாதம் மூன்று கோடு போட்ட நோட்டுகள் அச்சுக்கு வந்தன. ஒரு தலித் பெண் எழுதிய தன்வரலாறு. நோட்டின் அட்டையில் எழுதியவர் பெயர் இருந்தது: செல்வராணி. எனக்குத் தெரிந்த பெயர். கீழே எழுதியிருந்த ஊரையும் பார்த்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது நோட்டில் ஒரு பக்கத்துக்கு வந்ததும் ஸ்டெல்லா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், இந்த வார்த்தைய அப்படியே அடிக்கவா? இல்ல, முதல் எழுத்தப் போட்டுட்டு புள்ளி வச்சிருவோமா?"

அப்படியே அடி என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடையில் மின்சாரம் போனால்கூட 'சனியன்' என்று சொல்லாத ஆள் நான். அதைச் சொல்லிக் காட்டினாள். புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவன். எந்த நீதிமன்றம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பு முடித்ததும் அப்பா வண்ணார்பேட்டையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்துவிட்டார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் உயர்நிலை தேறினேன். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மெஷினில் ஆரம்பித்து கம்ப்யூட்டரில் முடித்தேன். இரண்டிலும் விரல் ஒன்றுதான்.

சாட்சியம் பதிவு செய்வதை வெளியாட்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சாட்சி கூண்டில் ஏறி, நம் ஊர்ப் பேச்சில் சொல்லுவார். நீதிபதி அதைக் கேட்டு, எழுத்துத் தமிழாக்கி, எனக்குச் சொல்லுவார். நான் அடிப்பேன். "அவன் என்னைய அங்கன வச்சு அடிச்சான்யா" என்று சாட்சி சொன்னால், "எதிரி மேற்படி இடத்தில் வைத்து என்னைக் கையால் தாக்கினார்" என்று என் பக்கம் வரும். குற்றம் சாட்டப்பட்டவர்தான் எங்கள் பாஷையில் எதிரி. சாட்சி பேசியது ஒன்று, தாளில் இறங்குவது ஒன்று, ஆனால் பொருள் மாறக்கூடாது. விசாரணை முடிந்ததும் தாளைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் கையெழுத்து. கடைசி வரி எப்போதும் ஒன்றேதான்: படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார். படித்துக் காட்டாமலே இந்த வரியை அடித்த நாட்களும் உண்டு. வெளியே பத்துச் சாட்சிகள் காத்திருப்பார்கள், சாட்சியும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

நான் சொல்லப் போகிற காலத்தில் எங்கள் நீதிபதி ஒரு கறாரான மனிதர். பத்தரைக்கு இருக்கையில் இருப்பார். வாயில் ஒரு கிராம்பு எப்போதும் இருக்கும். வக்கீல் யாராக இருந்தாலும் சாட்சியை மிரட்ட விடமாட்டார். பியூனைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். சாட்சி கெட்ட வார்த்தை எதையாவது சொல்ல வேண்டி வந்தால், அதை நீதிபதி தன் வாயால் திருப்பிச் சொல்ல மாட்டார். பேனாவை மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். "அதைச் சாட்சி சொன்னபடியே போட்டுக்கோங்க" என்பார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். அந்த இடத்தில் மட்டும் சாட்சிக்கும் தாளுக்கும் நடுவே நீதிபதி கிடையாது. நான் மட்டும்தான்.

நான் என்ன செய்வேன் என்றால், சாட்சி சொன்னபடி போட மாட்டேன். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று போடுவேன். சாதியைச் சொல்லித் திட்டிய வழக்காக இருந்தால், 'சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினார்'. யாரும் கேட்டதில்லை. நீதிபதி தாளைப் புரட்டும்போது அந்த வரியைக் கண்ணால் தாண்டிப் போய்விடுவார். அவருக்கும் அது வசதி.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு மரியாதை அதிகம் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டார்கள். விஷயம் வேறு. வன்கொடுமை வழக்கில் சாட்சிகள் சொல்லும் அந்தச் சொல் பெரும்பாலும் என் சாதியின் பெயர். நாற்று நடவில் என் அம்மாவை அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவளுக்குப் பேச்சியம்மாள் என்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் அட்டையில் மட்டும்தான் அது பயன்பட்டது.

அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. என் பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்பா யோசித்துத்தான் வைத்தார். திருநீறு பூசுவேன், கறி மீன் சாப்பிடாத நாட்களை நானே சத்தமாகச் சொல்லிக்கொள்வேன். பணிப்பதிவேட்டில் என் சாதி இருக்கும், ஆனால் அது வேறு ஊரிலிருந்து மாறுதலில் வந்தது. அதைத் திறந்து பார்த்தவரும் சீக்கிரமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார். தச்சநல்லூர்க்காரர், பழைய சைவக் குடும்பம், நல்ல மனசு. எல்லோரும் அண்ணாச்சி என்போம். எனக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். வீட்டுக்காரரிடம் கூட்டிக்கொண்டு போகும் வழியில், "நீரு நம்ம ஆளுதானவே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு வீடு கிடைத்தது. பின்னால் அதே தெருவில் சொந்தமாகவே கட்டிக்கொண்டேன்.

இனி செல்வராணியின் வழக்கு. ஆற்றங்கரையில் ஒரு ஊர். அங்கே இரண்டு படித்துறை. மேலப்படித்துறை ஊருக்கு, தண்ணீர் இறங்கி வரும் கீழப்படித்துறை காலனிக்கு. எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மேலே குளித்த தண்ணீர் கீழே வரலாம், கீழே குளித்தவர்கள் மேலே போகக்கூடாது. அந்த வருஷம் வெள்ளத்தில் கீழப்படித்துறையின் படிகள் பெயர்ந்து விழுந்துவிட்டன. பஞ்சாயத்தில் மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. செல்வராணிக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும், தையல்காரி. ஒருநாள் காலையில் துணி மூட்டையோடு மேலப்படித்துறையில் இறங்கித் துவைக்க ஆரம்பித்தார். அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒருவர், ஊரில் வாழைத் தோட்டம் உள்ளவர், அந்தச் சொல்லைச் சொல்லித் திட்டி, மூட்டையை ஆற்றில் எறிந்து, அவர் கன்னத்தில் அறைந்தார். தைக்குமுன் நனைத்தெடுக்கக் கொண்டுபோன பிறத்தியார் துணியெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூடச் சாட்சிக்கு வரவில்லை, செல்வராணியின் சித்தியைத் தவிர.

கூண்டில் ஏறிய செல்வராணி அழவில்லை. படித்துறையில் எத்தனை படி, எந்தப் படியில் உட்கார்ந்தேன் என்று தொடங்கி வரிசையாகச் சொன்னார். நீதிபதி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். வழக்குக் கட்டில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ் இருந்தது. அதில் இருந்த சாதிப் பெயரைப் படித்து, சான்றாவணமாக எண் கொடுக்க நீதிபதிக்கு நா கூசவில்லை. சீல் வைத்த தாளில் இருந்தால் அது ஆவணம். பிறகு, எதிரி என்ன சொன்னார் என்று அரசு வக்கீல் கேட்டார். செல்வராணி, எதிரி சொன்னதை எதிரியின் குரலிலேயே சொன்னார். பேனா இரண்டு முறை மேசையில் தட்டியது. நீதிபதி ஜன்னலைப் பார்த்தார்.

நான் அடித்தேன்: 'எதிரி என்னைச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினார்.'

குறுக்கு விசாரணை நீண்டுகொண்டே போனது. மூட்டையில் என்னென்ன இருந்தது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் முடிந்து, நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்ட பிறகு, நான் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினேன். செல்வராணி பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கினார். நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தார். 

"இது நான் சொன்னது இல்லையே" என்றார்.

அதுவும் இதுவும் ஒன்றுதானம்மா, கையெழுத்துப் போடுங்க, நேரமாகுது என்று அண்ணாச்சி பைய சமாதானம் சொன்னார். செல்வராணி அசையவில்லை. பேச்சு நீள்வதைக் கேட்டு நீதிபதி நிமிர்ந்தார். செல்வராணி அவரிடம் சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"ஐயா, அவரு சாதியச் சொல்லித் திட்டினாருன்னு இதுல இருக்கு. என்ன சொல்லித் திட்டினாருன்னு இல்ல. நான் அதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

எதிரியின் வக்கீல் எழுந்தார். சாட்சி இப்போது மெருகேற்றுகிறார், ஆட்சேபம் என்று மட்டும் குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்க வேண்டும், மாற்றக்கூடாது என்றார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நீதிபதி கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"சாட்சி என்ன சொன்னாங்க? உங்க காதுல விழுந்ததைச் சொல்லுங்க."

அறையில் முப்பது பேர் இருந்தார்கள். வாசலில் எதிரியின் சொந்தக்காரர்கள் நின்றார்கள். நான் எழுந்து நின்றேன். ஒரே ஒரு வாக்கியம். என் வேலையே ஒருவர் சொன்னதை மாற்றாமல் கொடுப்பது. வாய் திறந்தால் அந்தச் சொல் வரும், வந்தால் என் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அப்படி ஒன்றும் தெரியாது, இன்றைக்கு யோசித்தால் அது முட்டாள்தனம். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. "ஐயா, அந்தப் பொருள்படத்தான் சொன்னாங்க" என்றேன்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

நீதிபதி சாட்சியை மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார். எதிரி சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். செல்வராணி சொன்னார். வக்கீல், காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லட்டும் என்றார். அவருக்கு நன்றாகவே விழுந்திருந்தது. செல்வராணி மறுபடியும் சொன்னார், இந்த முறை வாசல் வரைக்கும் கேட்டது. அங்கே யாரோ சிரித்தார்கள். முதலில் சொன்னதையும் சேர்த்தால் மூன்று தடவை. அறைந்தவரை எதிரே வைத்துக்கொண்டு, தன்னை அவர் சொன்ன சொல்லைத் தன் வாயாலேயே மூன்று தடவை. இரண்டு தடவை என்னால்.

இந்த முறை பேனா தட்டவில்லை. நீதிபதி தன் வாயாலேயே அந்த வாக்கியத்தை எனக்குச் சொன்னார், எழுத்துக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தி. நான் அடித்தேன். விசைகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. எடுத்துப் படித்துக் காட்டும் வேலையை அண்ணாச்சி செய்தார், அந்த வரியில் குரலை இறக்கிக்கொண்டார். செல்வராணி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார்.

"நீரு செஞ்சதுதான் சரிவே. நம்ம ஆளுக கையால அடிக்கிற வார்த்தையா அது?"

செல்வராணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். எதிரிக்குத் தண்டனை. காரணம் சொல்லும் பகுதியில், முதல் சாட்சி எதிரி பயன்படுத்திய வார்த்தைகளைத் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார், சாதியைச் சொல்லித் திட்டினார் என்று பொதுவாக மட்டும் சொல்லியிருந்தால் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது என்று நீதிபதி சொல்லச் சொல்ல, என் விரல் அந்த வாக்கியத்தை அடித்து முடித்தது. முடித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் ஆனது. பொதுவாக மட்டும் சொல்லியிருந்தால். எத்தனை தாளில் நான் பொதுவாக மட்டும் சொல்ல வைத்திருக்கிறேன்?

அடுத்த வாரம் ஆவண அறைக்குப் போனேன். வேறு வழக்குக் கட்டைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் தேடியதில் ஒன்று கிடைத்தது. வாழைத்தார் சுமக்கும் ஒரு பெரியவர் கொடுத்த வழக்கு. கைநாட்டு வைத்திருந்தார். அவர் சாட்சியத்தில் என் வரி, என் சொற்கள், என் நிறுத்தல் குறி. எதிரி விடுதலை, இன்ன வார்த்தை சொன்னார் என்று சாட்சி கூறவில்லை என்று தீர்ப்பில் இருந்தது. அவர் கூறினார். கூண்டில் கைகட்டி நின்று அவர் கூறியது என் காதில் விழுந்தது. கட்டைக் கட்டி மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். வேறு கட்டுகளைத் தேடவில்லை. தேடத் துணிச்சல் இல்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் சாட்சி சொன்னபடியே அடித்தேன், படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் என்னைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி இறந்தபோது சுடுகாடு வரைக்கும் போனேன், அவருடைய ஆளாகவே.

இப்போது அந்த நோட்டுகளுக்கு வருகிறேன். இரண்டாவது நோட்டில் கோர்ட் அத்தியாயம். படித்துறை, கூண்டு, கிராம்பு வாசனை, எல்லாம் இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறார், அழாமல் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வாக்கியம்: 'அங்கே இருந்த மேல்சாதித் தட்டச்சர், தன் ஆட்களைக் காப்பாற்ற என் வார்த்தையை மாற்றினார்.'

பிழை பார்க்கிறவன் வேலை எழுத்தைப் பார்ப்பது. எழுத்து சரியாக இருந்தது. செய்தி பிழை. அதைப் பிழை என்று அறிந்த ஆள் உலகத்தில் என்னையும் என் மனைவியையும் தவிர யாரும் இல்லை. விட்டுவிட்டால் புத்தகம் அச்சாகும், என் தெருவில் நான் நானாகவே இருப்பேன். தெருக் கொடை விழா நோட்டீஸை எழுதிக் கொடுப்பதே நான்தான். திருத்த வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தத் தட்டச்சர் நான்தான் என்று சொன்னேன். எந்த வரி என்று சொன்னேன். பிறகு, நானும் அவர் சாதிதான் என்றும் சொன்னேன்.

செல்வராணி நேராகக் கேட்டார். 

"அப்ப அந்த அண்ணாச்சி நம்ம ஆளுன்னு சொன்னப்ப ஏன் சார் பேசாம இருந்தீங்க?"

"வாய் வரலம்மா."

"எனக்கு மட்டும் வந்துச்சு. மூணு தடவை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொண்டதாகவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வரியைத் தான் மாற்றப் போவதில்லை என்றார். அன்றைக்குத் தன் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான், தெரியும்படி நின்றது நான்தான். வேண்டுமானால் என் பக்கத்தை நான் எழுதித் தரலாம், புத்தகத்தின் பின்னால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். எழுதினால் முழுசாக எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதைத்தான் இத்தனை பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை ஸ்டெல்லா இன்று காலை அடித்து முடித்தாள். எனக்குப் படித்துக் காட்டினாள். ஓரிரண்டு இடத்தில் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துப் படித்தாள். படித்து முடித்து, அச்செடுத்த தாளை நீட்டினாள்.

"சார், எல்லாம் இருக்கு. அந்த வார்த்தை எங்கன இருக்கு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'அந்தச் சொல்', 'அந்தச் சொல்' என்று நெடுகப் போட்டிருக்கிறேன். என் சாதி என்றிருக்கிறதே தவிர, என்ன சாதி என்று எங்கேயும் இல்லை. புள்ளிகூட வைக்கவில்லை, அதைவிட மோசம். இவ்வளவு நடந்தபிறகும் என் விரல் அதே வேலையைச் செய்திருக்கிறது.

மேலே இருப்பதைத் திருத்தவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் கீழே சேர்ப்பதுதான் எங்கள் அலுவலக வழக்கம். அன்று காலை மேலப்படித்துறையில் வைத்து எதிரி செல்வராணியைப் பார்த்துச் சொன்னது: "ஏட்டி பறச்சி, உனக்கு மேலப்படித்துறை கேக்குதா? போட்டி கீழ." என் அம்மா பேச்சியம்மாளையும் வயலில் பறச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பறையர் சாதியைச் சேர்ந்தவன். தட்டச்சராக இருந்தேன். சாட்சி சொன்னதை மாற்றி அடித்தேன்.

இதை ஸ்டெல்லா சத்தமாகப் படித்துக் காட்டினாள். கடையில் ஜெராக்ஸ் எடுக்க இரண்டு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் எங்கள் தெருக்காரர். கேட்டேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.